உள்ளது உள்ளபடி

தென்காசி காசி விசுவநாதர் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே கல்லில் பொறித்துவைத்த செய்யுள்களுள் ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். பாடத்திட்டத்தில் அது இருந்ததில்லை. ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்திருக்கவேண்டும் என்ற ஆசைதான். இந்தக் கோவிலுக்குப் பின்னொரு நாளில் குறை ஏதும் நேருமானால், அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் கருத்து. பதினைந்தாம் நூற்றாண்டில் ஓர் அரசன், தான் எழுப்பிய கட்டடம் பழுதுபடக்கூடியது என்பதை ஒப்புக்கொண்டு, தனக்குப் பின் வரப்போகும் முகமறியாத ஒருவர் முன் தலைதாழ்த்துகிறான். அவன் அஞ்சியது வீண்போகவுமில்லை. நான் பிறந்து வளர்ந்த காலமெல்லாம் அக்கோபுரம் மொட்டையாகத்தான் நின்றது. 1990-இல்தான் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது.

2022 டிசம்பரில் வேறொரு வாசகத்தைப் படிக்க நேர்ந்தது. தமிழ் நாளிதழ் ஒன்றின் உட்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்தில், ஒரு வங்கி வெளியிட்டிருந்த ஏல அறிவிப்பு. கடனாளியின் பெயர், தகப்பனார் பெயர், நிலுவைத் தொகை, சொத்தின் நான்கு எல்லைகள், கீழே நிபந்தனைகள். அவற்றுள் ஒன்று: சொத்து எங்குள்ளதோ அங்கேயே, எப்படியுள்ளதோ அப்படியே, என்ன உள்ளதோ அதுவாகவே விற்கப்படும். அதாவது இதில் என்ன குறை இருந்தாலும் எனக்குப் பின் வருகிறவரே, அது உம்முடைய பாடு.

அந்த அறிவிப்பைக் கத்தரித்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தவன் என் மைத்துனன். மனைவியின் தம்பி. தென்காசியில் மனை, வீடு வாங்கி விற்கும் தரகுத்தொழில் அவனுக்கு.

"அத்தான், இத வாசிச்சுப் பாருங்க. உங்களுக்குப் பென்ஷன் வருது. கிராஜுவிட்டி பேங்க்ல சும்மாதானே கெடக்கு."

சும்மாதான் கிடந்தது. 20 லட்சம் ரூபாய். என் வாழ்க்கையில் ஒருசேரப் பார்த்த மிகப் பெரிய தொகை.

*

அவன் சொன்ன திட்டத்தை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இதுபோன்ற யோசனைகள் ஓய்வுபெற்றவர்களைத்தான் முதலில் தேடி வருகின்றன.

வங்கிகள் கடனுக்காகக் கைக்கொண்ட வீடுகளை ஏலத்தில் விடும்போது சந்தை விலையைவிடக் குறைவாகவே போகின்றன. ஏலம் எடுத்தவர் 25 விழுக்காடு தொகையை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்டவேண்டும். மீதியை விற்பனை உறுதிசெய்யப்பட்ட 15 நாட்களுக்குள் கட்டினால் போதும். இந்த இடைவெளிதான் தொழிலின் உயிர்நாடி என்றான் மைத்துனன். கால்பங்கை மட்டும் நாம் போடுவது. முக்கால்பங்கை, வீட்டை நம்மிடம் வாங்கப்போகிறவரின் பணத்திலிருந்தே கட்டிவிடுவது. வீடு நம் கையில் ஒருநாள் தங்கி மறுநாள் அவர் பெயருக்குப் போய்விடும். நடுவிலுள்ள வித்தியாசம் நமக்கு. ஒன்றிரண்டு அல்ல, குற்றாலம், மேலகரம், இலஞ்சிச் சுற்றுவட்டாரத்தில் ஏலத்துக்கு வரும் வீடுகளை மொத்தமாகப் பிடித்துக் கைமாற்றி விட்டுக்கொண்டே இருக்கலாம்.

"வாய்க்கால்ல போற தண்ணி மாதிரி அத்தான். நம்ம வயல்ல தேங்காது. கடந்து போயிரும். போற போக்குல நமக்கு ஒரு கை."

அமெரிக்காவில் இதற்கு 'ஹோல்சேலிங்' என்று பெயர் என்றும், யூடியூபில் இதைக் கற்றுத்தரும் படங்கள் ஏராளமாக இருக்கின்றன என்றும் சொன்னான். 2008 வீழ்ச்சிக்குப் பிறகு அங்கே வங்கிகள் கையில் வீடுகள் குவிந்துகிடந்ததையும், அவற்றைச் சல்லிசாக எடுத்துக் கைமாற்றியே பலர் பிழைத்ததையும் பிற்பாடு நானும் படித்தேன். இத்தொழிலை ஒழுங்குபடுத்த அங்கேயே சட்டங்கள் வந்துவிட்டன என்பதை மட்டும் அந்தப் படங்கள் அவனுக்குச் சொல்லவில்லை. ஓராண்டில் ஒருமுறைக்கு மேல் இப்படிச் செய்கிறவர் தரகர் உரிமம் பெற்றிருக்கவேண்டும் என்று இல்லினாய் மாநிலம் 2019-இல் சட்டம் திருத்தியது. ஓக்லஹோமா 2021-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

*

வீட்டைப் பார்க்கப் போனோம். இலஞ்சிக்குப் போகும் வழியில், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கீழே ஒரு குடித்தனமும் மேலே நான்கு அறைகளும் கொண்ட கட்டடம். மேலறைகள் சீசனுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்காகக் கடன் வாங்கிக் கட்டப்பட்டவை என்பதைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம். ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்தைச் சுற்றிய ஒவ்வொரு வீடும் விடுதியாகிவிடும். அந்த மூன்று மாத வரும்படியை நம்பித்தான் பலர் தவணை கட்டுகிறார்கள். 2020-லும் 2021-லும் பெருந்தொற்றினால் சீசன் மாதங்களில் அருவிகளில் குளிக்க அனுமதியே இல்லை. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி வழிசெய்தது உண்மைதான். ஆனால் தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"சார், நீங்களா? வாங்க சார். உள்ள வாங்க."

அவருடைய மகன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். சிறிய ஊரில் இது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். மேற்கு அறையில் கூரை ஒழுகுவதை அவராகவே சொன்னார். கிணறு சித்திரையில் வற்றிவிடும் என்பதையும் சொன்னார். மைத்துனன் அளவு நாடாவோடு மாடிக்குப் போன நேரத்தில், திண்ணையில் என்னருகே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"தெரிஞ்சவங்க யாராவது எடுத்தா நல்லதுதான் சார். பேங்குக்கு வட்டி, செலவெல்லாம் சேத்து முப்பத்தெட்டு வரும். அம்பது வரைக்கும் ஏலம் ஏறும்னு சொல்லுதாங்க. மிச்சம் வந்தா பையன் படிப்ப முடிச்சிருவான்."

மிச்சம் என்று அவர் சொன்னது சட்டத்தில் உள்ளதுதான். ஏலத்தில் வந்த தொகையிலிருந்து செலவையும் கடனையும் கழித்துக்கொண்டு, எஞ்சியதை வங்கி உரியவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். அதை நான் அறிந்தது அந்தத் திண்ணையில்தான். எனக்கு அதற்குள் வேறொன்றும் தெரிந்திருந்தது. அன்று காலை பேருந்து நிலையத்தருகே தேநீர் குடிக்கும்போது மைத்துனன் கைபேசியில் குற்றாலத்தில் விடுதி நடத்தும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தான். அவரும் இந்த வீட்டைப் பார்த்துவைத்திருந்தவர். ஐம்பது வரை போகக்கூடியவர். "இதுல நீங்க ஏறாதீங்க அண்ணாச்சி. அடுத்த மாசம் தோப்பு வருதுல்ல, அதுல நாங்க வரல" என்று இவன் சொன்னதை என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தேன்.

திண்ணையில் அவரிடம் என்ன பதில் சொன்னேன் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "பாப்போம், நல்லபடியா நடக்கும்" என்றேன்.

*

2023 ஜனவரியில் மின் ஏலம் நடந்தது. குறைந்தபட்சத் தொகை 41 லட்சம். பத்து விழுக்காடான 4,10,000 ரூபாயை முன்கூட்டியே என் கணக்கிலிருந்து கட்டியிருந்தேன். ஏலத்தில் ஏறியது இரண்டே பேர். முகம் தெரியாத ஒருவர் 43,75,000 வரை வந்து நின்றுகொண்டார். 44,00,000-க்கு எனக்கு முடிந்தது. திரையில் என் பெயருக்கு எதிரே பச்சை நிறம் தோன்றியபோது மைத்துனன் என் தோளைத் தட்டினான். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கக்கூடாது.

அன்று மாலையே அவன் வாங்குபவரைக் கொண்டுவந்தான். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்காக அவருடைய அண்ணன் வந்திருந்தார். விலை 52 லட்சம். ஒப்பந்தம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. தமிழாசிரியன் என்ற பழக்கத்தில் அதை வரிவரியாகப் படித்தேன். 'எனக்குப் பாத்தியப்பட்டு, என் சர்வ சுதந்திர அனுபோக சுவாதீனத்தில் இருந்துவருகிறதும், எவ்வித வில்லங்கமும் இல்லாததுமான' என்று வழக்கமான பத்திர நடையில் சொத்து விவரிக்கப்பட்டிருந்தது.

"மாப்ளே, இது இன்னும் நமக்குப் பாத்தியப்படலியே?"

"அது ஒரு ஃபார்மாலிட்டி அத்தான். பதினஞ்சு நாள்ல ஆயிருமே."

சொற்களின் பொருளைச் சொல்லித்தந்து சம்பளம் வாங்கியவன் நான். பாத்தியம், சுவாதீனம், வில்லங்கம் என்ற மூன்று சொற்களும் அந்த மாலையில் பொய்யாக இருந்தன. அந்த வீட்டில் அப்போது அவர்கள் அடுப்பில் இரவுச் சோறு வெந்துகொண்டிருந்திருக்கும். கையெழுத்திட்டேன். மறுநாள் காலை வந்த முன்பணம் 5 லட்சத்தோடு என் பணம் 1,90,000-ஐச் சேர்த்துக் கால்பங்கை நிறைவுசெய்தோம். 11 லட்சம்.

எட்டாம் நாள் வாங்குபவரின் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர்களுடைய வழக்கறிஞர் வில்லங்கச் சான்று பார்த்திருக்கிறார். தமிழ்நாட்டில் இப்போது அதை இணையத்திலேயே எவரும் பார்த்துக்கொள்ளலாம். அதில் கடனாளியின் பெயரும் வங்கிக்கு அவர் எழுதிக்கொடுத்த அடமானமும் இருந்தன. என் பெயர் எங்கும் இல்லை. பிறகு பழைய ஏல அறிவிப்பையும் தேடி எடுத்துவிட்டார்கள்.

அவர் சத்தம் போடவில்லை.

"நாப்பத்தொண்ணுக்கு ஏலம் வந்த வீடு சார். எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நாங்களே ஏறியிருப்போமே. நீங்க வாத்தியார்னுதான் சார் கையெழுத்துப் போட்டோம்."

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். தராவிட்டால் காவல் நிலையம் என்றார். நான் கலந்துபேசிய தென்காசி வழக்கறிஞர் ஒருவர், என் ஒப்பந்தத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது உரிமையியல் வழக்கோடு நிற்காது, ஏமாற்று வழக்காகவும் போகக்கூடும் என்றார். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318 என்று எண் மாறியிருக்கிறதே தவிரக் குற்றம் மாறவில்லை.

கைமேல் இருந்தவை ஏழு நாட்கள். கட்டவேண்டியது வங்கிக்கு 33 லட்சம், முன்பணம் திருப்ப 5 லட்சம். கட்டாவிட்டால் முதலில் போட்ட 11 லட்சமும் பறிபோகும். மைத்துனன் இரண்டு நாட்கள் வேறு ஆள் தேடினான். மூன்றாம் நாள் கைபேசியை எடுக்கவில்லை.

வங்கியில் எழுதிக் கேட்டதில் கெடுவை நீட்டித்தார்கள். விதிப்படி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு நீட்டிக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் முடியாது. பணிக்கொடையில் மிஞ்சியிருந்த 14 லட்சம். மனைவியின் நகைகள்மேல் 6 லட்சம். ஆய்க்குடியில் எனக்குப் பங்காக வந்திருந்த நஞ்சையை 18 லட்சத்துக்கு விற்றேன். அதன் மதிப்பு அதைவிட அதிகம். ஆனால் கெடுவோடு விற்கிறவனின் முகத்தில் அது தெரிந்துவிடுகிறது. வாங்கியவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். நாள் கடத்தினார், அவ்வளவுதான். ஜனவரியில் நான் நின்ற இடத்தில் இப்போது அவர் நின்றார். இலஞ்சி வீட்டுக்காரர் நின்ற இடத்தில் நான் நின்றேன்.

நகைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவன் என் தம்பிதான். ஆனா கையெழுத்து உங்களோடது."

*

பிறகு ஓராண்டு இந்தச் சட்டங்களைப் படித்தேன். சுட்ட பிறகு நெருப்பைப் பற்றிப் படிப்பது போல. படித்ததில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கிகள் பிணையச் சொத்தைக் கைக்கொண்டு விற்க வழிசெய்வது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அறுபது நாள் அறிவிப்பு, பிறகு சுவாதீனம், பிறகு ஏலம். ஆட்சேபம் உள்ளவர் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். எங்கள் பக்கத்துக்கு மதுரை. முழுக் கடனையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை முன்பு விற்பனை வரையில் கடனாளிக்கு இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பின் ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அது முடிந்துபோகிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திட்டவட்டமாக உறுதிசெய்தது. ஏலம் எடுப்பவருக்கு இது பாதுகாப்பு. கடனாளிக்கு அதன் பிறகு எஞ்சுவது, ஏலம் நியாயமாக ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றுதான்.

மீதித் தொகையைக் கட்டத் தவறியவரின் கால்பங்கு முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போயிற்று. ஒரு பெரிய ஏலத்தில் ஏறத்தாழ 3 கோடி ரூபாய் கட்டியிருந்தவரிடம் 55 லட்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும் என்று உயர் நீதிமன்றம் கருணை காட்டியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முழுத்தொகையும் போனது போனதுதான். பிறர் பணத்தை நம்பி ஏலத்தில் ஏறுகிறவர்கள் இந்த ஒரு தீர்ப்பையாவது யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மைத்துனன் விற்கச்சொன்ன பொருள் உண்மையில் என்ன என்பதையும் யோசித்தேன். அமெரிக்காவில் ஒப்பந்தம் போட்டவருக்குச் சொத்தின்மீது ஒருவகை உரிமை பிறந்துவிடுகிறது. அதைத்தான் அங்கே கைமாற்றுகிறார்கள். நம் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் என்பது அதனளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று சொல்கிறது. நானோ ஒப்பந்தம் போட்டபோது விற்பனைச் சான்றிதழ்கூடப் பெறாதவன். ஆகவே நான் 52 லட்சத்துக்கு விலைபேசியது ஒரு வீட்டையல்ல. அந்த வீடு 41-க்கு ஏலத்துக்கு வந்திருக்கிறது என்ற செய்தி ஒருவருக்குத் தெரியாது என்பதைத்தான் நான் விற்றேன். 52 வரை தர ஆள் இருக்கிறார் என்ற செய்தி இன்னொருவருக்குத் தெரியாது என்பதைத்தான் நான் வாங்கினேன். இரண்டு பேரும் அறியாமல் இருக்கும்வரைதான் இத்தொழிலில் லாபம். இருவரும் ஒருநாள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டால் நடுவில் நிற்பவனுக்கு இடமில்லை.

இன்னும் சில. மைத்துனன் அடுத்த வீட்டை வேறொருவர் பணத்தில் என் மனைவியின் பெயரில் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தான். 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் 2016 திருத்தத்துக்குப் பின் அதற்கு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும், சந்தை மதிப்பில் கால்பங்கு வரை அபராதமும் வைத்திருக்கிறது. அவன் குறிவைத்திருந்த தோப்பு விவசாய நிலமென்று நிரூபணமானால் சர்ஃபாசி சட்டமே அதற்குப் பொருந்தாது. ஏலமே செல்லாமல் போயிருக்கும். ஏலத்தில் 'நீ ஏறாதே, நானும் ஏறமாட்டேன்' என்று கூட்டுச் சேர்வதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடைசெய்கிறது. பழைய உரிமையாளரின் மின்கட்டண நிலுவை புதிதாக வாங்கியவர் தலையிலும் விழக்கூடும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. என் விஷயத்தில் அது 38,400 ரூபாய். ரியல் எஸ்டேட் முகவர்களைப் பதிவுசெய்யச் சொல்லும் 2016-ஆம் ஆண்டின் சட்டமோ, பதிவுசெய்யப்பட்ட புதிய திட்டங்களின் விற்பனைக்குத்தான். பழைய ஒற்றை வீட்டைக் கைமாற்றிவிடுகிறவனிடம் உரிமம் எங்கே என்று அது கேட்பதில்லை.

ஆனால் இவையெல்லாம் எனக்கு வந்த இடர்கள். இவற்றைப் பற்றி எச்சரிக்க வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். இடர் எதுவும் வராமல் எல்லாம் நினைத்தபடி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என்னை உறங்கவிடாத கேள்வி. 52-இலிருந்து 44 போக, 8 லட்சம். மைத்துனனுக்கு 4, எனக்கு 4. அந்த எட்டு லட்சம் எங்கிருந்து வந்திருக்கும்? வங்கிக்கு அதன் 38 எப்படியும் வந்துவிடும். 44-க்குப் போனதால் வீட்டுக்காரருக்குக் கிடைப்பது 6. வளைகுடாக்காரரே ஏலத்தில் ஏறி 52-க்கு எடுத்திருந்தால் 14 கிடைத்திருக்கும். யாருக்கும் நட்டமில்லாத லாபம் என்று நாங்கள் பங்கு போட்டது, கடனில் வீட்டை இழந்த ஒருவரின் மிச்சத்தை. இது எந்தப் பத்திரத்திலும் தெரியாது. கணக்கு கச்சிதமாக இருந்திருக்கும். அவருடைய மகன் வழியில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லியிருப்பான். நானும் கைகூப்பியிருப்பேன்.

*

அவர்கள் 2023 கோடையில் வீட்டைக் காலிசெய்து செங்கோட்டைக்குப் போனார்கள். சாவியைக் கொடுத்தபோது அவர் கிணற்று மோட்டாரை எப்படி இயக்கவேண்டும் என்று எனக்குக் காட்டிவிட்டுப் போனார். சொல்லவந்ததை அன்று சொல்லமுடியவில்லை. சென்ற ஆண்டு ஐப்பசியில் செங்கோட்டைக்குப் பேருந்து ஏறிப்போய்ச் சொன்னேன். தேநீர்க் கடையில் கேட்டது, திண்ணையில் மறைத்தது, எல்லாவற்றையும்.

அவர் சற்றுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருதான் ஏறுனாங்கன்னு பேங்க்லயே சொன்னாங்க சார். அப்பவே நெனச்சேன். உங்கள நெனைக்கல."

வீட்டை விற்கும்போது என் கைப்பணம் போக மேலே எது கிடைத்தாலும் அவருக்குத் தருவதாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கிப் படித்தார். மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தார்.

"எழுதிக் குடுக்கதையெல்லாம் நெறையப் பாத்தாச்சு சார். குடுக்கும்போது குடுங்க."

தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார். நான் தடுக்கவில்லை.

வீடு இப்போது விற்பனைக்கு இருக்கிறது. தரகர் யாரும் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு நானே ஒரு தாளைத் தருகிறேன். மேற்கு அறையின் கூரை ஒருமுறை பூசியும் சாரல் காலத்தில் கசிகிறது. கிணறு சித்திரையில் வற்றும். மாடி அறைகளுக்கு அனுமதி பெற்ற வரைபடம் கிடையாது. மின் நிலுவை கட்டியாயிற்று, ரசீது இணைக்கப்பட்டுள்ளது. இது வங்கி ஏலத்தில் 2023-இல் 44 லட்சத்துக்கு எடுத்த வீடு. அன்றைக்கே 52 தர ஆள் இருந்தார். விலை இவ்வளவு.

இதுவரை இரண்டு பேர் தாளைப் படித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போய்விட்டார்கள். மைத்துனன் பொங்கலுக்கு வந்திருந்தபோது அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "இப்படியெல்லாம் எழுதி வச்சா எவன் அத்தான் வாங்குவான்?"

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் எனக்குத் தெரியவில்லை. வரும் சாரலுக்கு முன் கூரையை மீண்டும் ஒருமுறை பூசவேண்டும். பூசினாலும் அந்த வரியை எடுக்கப்போவதில்லை. கசிந்ததை அடைத்திருக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளவும் என்று மாற்றி எழுதுவேன்.